சீமைச் சட்டமும் நமது காணி உறுதியும்

சென்ற காலபோக அறுவடை முடிந்த சில நாள்களில், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். கையிலே ஒரு துணிப்பை. அதனுள்ளே இரண்டு பத்திரங்கள். ஒன்று, அவர் உழும் வயலுக்கு அரசு வழங்கிய அனுமதிப்பத்திரம். மற்றையது, அவருடைய மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த பன்னிரண்டு பரப்புக் காணியின் உறுதி. அந்தச் சீதனக் காணியை அறுதியாக விற்பதற்கு உறுதி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். விற்பது ஏன் என்று வினவினோம். மகளுக்கு இலண்டனிலே சட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கின்றது என்றார். அவருடைய முதுசக் காணியோ வலிகாமம் வடக்கில் இன்னும் படைமுகாமின் முட்கம்பிக்குள் கிடக்கின்றது. “பிள்ளை சட்டம் படிச்சு வந்தால் அந்தக் காணிப் பிரச்சினையை அவளே பார்ப்பாள், ஐயா” என்று அவர் கூறியபோது எமக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.

இந்தத் தகப்பனின் ஆசை குற்றமுள்ள ஆசையன்று. நிலத்தை இழந்த இனத்திலே பிறந்தவன் தன் பிள்ளை வழக்காட வேண்டுமென்று விரும்புவது இயல்பு. ஆயினும் அவர் கொடுக்கவிருக்கும் விலைக்கு அவர் நாடும் பொருள் கிடைக்குமா? இக்கேள்வியைத் தமிழ்ப் பெற்றோரும், கற்றோரும், கமக்காரரும் நடுநிலை நின்று ஆராயவேண்டிய காலம் வந்துவிட்டது.

அவர் கொண்டுவந்த பத்திரங்களையே எடுத்துக்கொள்வோம். வயலின் அனுமதிப்பத்திரம் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டது. உரிய அதிகாரியின் முன்னனுமதியின்றி அவ்வயலைக் கைமாற்ற இயலாது. ஆகவேதான் மனைவியின் சீதனம் விலைக்கு வருகின்றது. அச்சீதனக் காணியை மனைவி தனியே விற்கவும் முடியாது. கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. காணியிலே பங்காளி இருப்பின், அவருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டென்று 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேறு நிற்கின்றது. இவற்றின் அடியிலே தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1706 இல் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806 இல் சட்டவலு அளிக்கப்பட்டது அது. அதற்கும் அப்பால், எழுத்துச் சட்டம் மௌனமாக நிற்குமிடத்தில், உரோமன் டச்சுச் சட்டம்.

மகளைச் சட்டம் படிக்க அனுப்புவதற்கு எழுதவேண்டிய அந்த ஓர் உறுதிக்குள்ளேயே இத்தனை சட்டங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் அம்மகள் இலண்டனில் படிக்கப்போகும் பாடத்தில் இல்லை. ஆங்கில ஒப்பந்தச் சட்டம், ஆங்கிலத் தீங்கியற் சட்டம், ஆங்கில நிலச் சட்டம் ஆகியவற்றையே அவர் படிப்பார். அவை தாழ்ந்த கல்வி அல்ல. உலகம் முழுவதும் மதிக்கும் கல்வியே. ஆனால் தகப்பனின் முதுசக் காணியை மீட்க அது நேரே உதவும் கல்வி அன்று.

காந்தியடிகள் கண்ட குறை

இது புதுக் கதையன்று. 1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பம்பாயிலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறினார். கடல் கடந்தால் சாதிவிலக்கு என்று அவருடைய சமூகத்தார் தடுத்தும் அவர் கேட்கவில்லை. இன்னர் டெம்பிள் என்னும் சட்ட விடுதியிலே சேர்ந்தார். குறித்த தவணைகளில் விடுதியின் விருந்துகளில் அமர்வதும், பரீட்சைகளில் தேறுவதுமே அந்நாளிற் பாரிஸ்டராவதற்குப் போதுமானவையாயிருந்தன. 1891 யூன் 10 ஆம் திகதி அவர் பாரிஸ்டரானார். 12 ஆம் திகதி தாயகம் நோக்கிக் கப்பலேறினார். அவர்தான் காந்தியடிகள்.

பம்பாய் வந்து சேர்ந்தபின் அவர் கண்டது என்ன? இந்துச் சட்டமும் முகமதியச் சட்டமும் தமக்குத் தெரியவில்லை என்பதையே கண்டார். சிறு வழக்கு நீதிமன்றிலே முதல் வழக்கிற் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றவர், தலை சுற்றி, நா எழாது அமர்ந்தார்; வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இவற்றையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் மறைக்காது கூறியிருக்கின்றார்.

அதே நூலில் அவர் கூறும் இன்னொரு செய்தி நமக்கு மிக நெருங்கியது. இலண்டனிலே உரோமச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே வருந்திக் கற்றார். அந்த உழைப்பு இந்தியாவிலன்று, தென்னாபிரிக்காவிலேதான் பயன்பட்டது. ஏனெனில் அங்கே பொதுச் சட்டமாக நிலவுவது உரோமன் டச்சுச் சட்டம். நமது நாட்டின் பொதுச் சட்டமும் அதுவே. 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் அதனைத் தொடரவிட்டனர். எனவேதான் தென்னாபிரிக்கத் தீர்ப்புகள் இன்றும் நமது நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றன. கடல் கடந்த கல்வியிற் பயன் தந்த பகுதி எது? போன நாட்டின் பெருமை பற்றிக் கற்றதன்று. தொண்டு செய்த நாட்டின் சட்டத்தோடு பொருந்திய பகுதியே.

கோடீஸ்வரன் வழக்குக் கற்பித்த பாடம்

இலண்டன் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வரவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறாமையால் 1962 இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட முடியாது என்று கூறி, 1967 இல் உயர் நீதிமன்று அத்தீர்ப்பைத் தள்ளியது. வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1969 டிசெம்பரில் அம்மன்று, அரச ஊழியர் வழக்காடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியை மீண்டும் இலங்கைக்கே அனுப்பியது. அக்கேள்வி இறுதிவரை தீர்க்கப்படவில்லை. 1971 இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடே ஒழிக்கப்பட்டது.

பிரிவி கவுன்சில் எதன் அடிப்படையில் அவ்வாறு தீர்த்தது என்பதைக் கவனிக்க. ஆங்கிலேய நாட்டிலே ஊழியருக்கு அவ்வுரிமை இல்லை என்ற வாதத்தால் இங்குள்ள உரிமையை அழிக்க முடியாது. உரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து இலங்கையில் வளர்ந்த சட்டத்தையே நோக்கவேண்டும் என்பதே தீர்ப்பின் உட்கருத்து. இலண்டன் மாநகரிலே ஒரு தமிழ் எழுதுவினைஞரைக் காத்தது இலண்டன் சட்டமன்று, இலங்கைச் சட்டம். அச்சட்டத்தை ஐயந்திரிபறக் கற்றிருந்த சட்ட அறிஞர் நம்மிடையே இருந்தமையாலேயே அது கைகூடிற்று.

செலவும் வரவும்

இனிக் கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டு மாணவரிடம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவும் சட்டப் பட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு 20,000 பவுணுக்கு மேல் அறவிடுகின்றன. பவுண் ஒன்றை 400 ரூபா என்று கொண்டாலும் அது ஆண்டுக்கு 80 இலட்சம். மூன்று ஆண்டுக்கு 2 கோடி 40 இலட்சம். இலண்டனில் வாழ்க்கைச் செலவுக்கென மாதம் ஏறத்தாழ 1,500 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்குரிய பணம் கையிலிருப்பதாக விசாவுக்கு முன்னரே காட்டவேண்டும். அது 50 இலட்சத்துக்கு மேல். மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண் வேறு. தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் உழைக்க அனுமதியில்லை. பகுதிநேர உழைப்பாலே படிப்புச் செலவை ஈட்டலாம் என்று கூறும் முகவர்களின் பேச்சை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டம் பெற்றபின்? பட்டம் மாத்திரம் எவரையும் வழக்கறிஞராக்குவதில்லை. சொலிசிட்டர் ஆவதற்கு 2021 முதல் அங்கு நடைபெறும் தகுதிப் பரீட்சையின் இரு பகுதிகளிலும் தேறவேண்டும்; அதற்கான கட்டணமே 4,500 பவுணுக்கு மேல். இரண்டாண்டு வேலை அனுபவமும் வேண்டும். பாரிஸ்டர் ஆவதற்குத் தனிப் பயிற்சி நெறியும், அதன்பின் ஒரு வழக்கறிஞர் மனையிலே பயிலுநராக இடமும் வேண்டும். நெறியை முடித்தோர் பலர், அவ்விடத்தைப் பெறுவோர் சிலர். படித்தபின் தங்கி வேலை தேடுவதற்கான விசாவோ இரண்டாண்டுக்கு உரியதாயிருந்தது. 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைக்கப்படும் என்று அந்நாட்டு அரசு அறிவித்துள்ளது.

சரி, தாயகம் திரும்பலாம் என்றாலோ, கொண்டுவந்த பட்டத்தைக் காட்டி நேரே உயர் நீதிமன்றிலே சத்தியப்பிரமாணம் செய்ய இயலாது. சட்டக் கல்வி மன்றத்தின் விதிகளின்படி இந்நாட்டுப் பரீட்சைகளில் தேறவேண்டும். தொழிற் பயிற்சியும் முடிக்கவேண்டும். மூன்றாண்டும் இரண்டரைக் கோடியும் செலவிட்ட பிள்ளை, மீண்டும் தேசவழமைப் புத்தகத்தின் முதற்பக்கத்திலிருந்தே தொடங்கவேண்டும். வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களிலே வழக்கு நடைபெறும் மொழி தமிழ். சாட்சிக் கூண்டிலே நிற்கும் கமக்காரரைத் தமிழிலே வினவி உண்மையை வெளிக்கொணரும் ஆற்றலை எந்தச் சீமைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும்?

போகவே வேண்டாமா?

அங்ஙனமாயின் நமது பிள்ளைகள் கிணற்றுத் தவளைகளாக இருக்கவேண்டுமென்று நாம் கூறுகின்றோமா? அல்ல. கடல் கடந்து கற்கவேண்டிய சட்டமும் உண்டு. அதில் வல்லவர் நமக்கு மிகவும் வேண்டும். ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 ஆம் இலக்கத் தீர்மானத்தின் வழியாக, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறிமுறை ஒன்று அமைந்தது. அச்சான்றைச் சட்ட வடிவிலே முன்வைக்கச் சர்வதேசக் குற்றவியற் சட்டம் தெரிந்தவர் வேண்டும். பாக்கு நீரிணையிலே வலையிழக்கும் நமது மீனவருக்காக 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளையும் கடற் சட்டத்தையும் கற்றவர் வேண்டும். சமஷ்டி என்று மேடைதோறும் முழங்குகின்றோம். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் அவ்வாட்சி நிதியையும் காணியையும் பொலிசையும் எவ்வாறு பங்கிடுகின்றது என்பதை ஆங்காங்கு சென்று கற்றுவந்தவர் எத்தனை பேர்?

ஆகவே நாம் எதிர்ப்பது பயணத்தையன்று, பயணத்தின் முறையைத்தான். முதற் பட்டம் இங்கே, மேற்பட்டம் அங்கே. இதுவே நமது கருத்து.

இதற்கு நமது முன்னோரின் வாழ்க்கையே சான்று. தந்தை செல்வா இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையே வெளிவாரியாக, இங்கிருந்து கொண்டே பெற்றவர். சட்டம் பயின்றது கொழும்புச் சட்டக் கல்லூரியில். ஜி. ஜி. பொன்னம்பலம் கேம்பிறிட்ஜில் கற்றுப் பாரிஸ்டராக வந்தவர். இருவரும் நீதிமன்றிலே தலைநின்றார்கள். கற்ற ஊர் எவரையும் உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. கலாநிதி நீலன் திருச்செல்வமோ இலங்கைப் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்று, பின்னரே புலமைப்பரிசில் பெற்று ஹாவாட் சென்றார். கலாநிதிப் பட்டத்தோடு திரும்பி வந்து, அரசியலமைப்பு ஆராய்ச்சிக்கும் சட்ட ஆய்வுக்கும் நிறுவனங்களைக் கட்டி எழுப்பினார். 1999 யூலை 29 இல் கொழும்பிலே குண்டுக்குப் பலியாகும்வரை இம்மண்ணிலேயே உழைத்தார். அவருடைய அரசியலோடு மாறுபட்டோர் பலர் இருக்கலாம். அவர் கற்ற முறையை மறுப்பதற்கில்லை.

இம்முறையிலே செலவும் குறைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்வி இலவசம். இங்கே சட்டத்தரணியாகப் பதிவு பெற்றவர், விரும்பின் இங்கிலாந்துச் சொலிசிட்டர் பரீட்சைக்கும் நேரே தோற்றலாம். இரண்டாண்டு அனுபவ நிபந்தனையும் அவருக்கு இல்லை. பிரித்தானிய அரசின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிறைட் ஆகியவை மேற்பட்டத்துக்கே பெரும்பாலும் உரியவை. செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பி இரண்டாண்டாவது இருக்கவேண்டும் என்பது அதன் விதி. அந்நிய அரசு விதிக்கும் இந்நிபந்தனையை நமது சமூகம் தன் பிள்ளைகளுக்கு விதிக்கத் தயங்குவது ஏன்?

மறுபக்கமும் ஒன்று உண்டு. அதை ஒளிப்பது நேர்மையன்று. இங்குள்ள பல்கலைக்கழகங்களில் சட்டத்துக்குரிய இடங்கள் மிகச் சில. ஓரிரு புள்ளியால் தவறிய பிள்ளை எங்கே போவது? சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கு 2020 டிசெம்பரில் விதி செய்தார்கள். நாடாளுமன்றம் 2023 மார்ச்சில் அதைத் தோற்கடித்திராவிடின், தமிழிலே கற்ற கிராமத்துப் பிள்ளைக்கு அவ்வாசலும் அடைபட்டிருக்கும். வாசல்கள் குறுகும்போது, காசுள்ளவன் விமானத்தை நாடுகின்றான். காசில்லாதவன் காணியை விற்கின்றான். ஆகவே பெற்றோரை மாத்திரம் கடிந்துகொள்வதிற் பயனில்லை. யாழ்ப்பாணத்திலே சட்டத்துறையின் இடங்களைப் பெருக்குமாறும், கிழக்கிலே சட்டத்துறை ஒன்றை நிறுவுமாறும் கோருவது தமிழ்ப் பிரதிநிதிகளின் கடமை.

நிலம் காக்க வேண்டியவர் யார்?

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானியை எவரும் மறந்திருக்க முடியாது. வட மாகாணத்திலே ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை நிரூபியாவிடின் அது அரச காணியாகும் என்றது அறிவித்தல். உறுதியைக் கடலிலும் காட்டிலும் தீயிலும் இழந்தவர் எத்தனை ஆயிரம்! உரிமையாளர் பலர் வெளிநாட்டிலே; பலர் மண்ணுக்குள்ளே. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றில் வழக்குத் தொடுக்கப்பட்டது, இடைக்காலத் தடை வந்தது, அரசு அறிவித்தலை மீளப்பெற்றது.

அவ்வாரங்களிலே நாம் ஊரூராகச் சென்றபோது கண்ட குறை ஒன்று. பழைய தோம்பையும் உறுதியையும் வாசித்து, இது உன்னுடையது, இதற்கு இன்ன சான்று போதும் என்று ஒரு கிழவிக்கு எடுத்துச் சொல்லத்தக்க இளஞ் சட்டத்தரணிகள் போதாது. முல்லைத்தீவிலே போதாது, மன்னாரிலே போதாது, திருகோணமலையிலும் போதாது. அடுத்த வர்த்தமானி வரும் நாளை எவரும் முன்னறிவிப்பதில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் திட்டம் இது. புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கும் விளையாட்டரங்குகளுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியையும், இங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களின் நிதியில் ஒரு பகுதியையும் சேர்த்து ஒரு சட்டக் கல்வி நிதியம் அமைப்போம். அந்நிதியம் முதலில் கமக்காரர், மீனவர், தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் இங்கே சட்டம் கற்க, தங்குமிடத்துக்கும் ஆங்கிலப் பயிற்சிக்கும் உதவட்டும். இங்கே சட்டத்தரணியாகி, சில ஆண்டு நமது நீதிமன்றங்களில் உழைத்தவருள் தகுதியான இருவரை ஆண்டுதோறும் மேற்பட்டத்துக்கு அனுப்பட்டும். அவர்கள் கற்கும் துறை நமது தேவையால் தீர்மானிக்கப்படட்டும். திரும்பி வந்து ஐந்தாண்டு இங்கே பணிபுரிவோம் என்று அவர்கள் எழுத்திலே ஒப்பந்தம் செய்யட்டும். அவ்வொப்பந்தத்தை எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தம்; அதற்குக் கட்டணம் வேண்டாம்.

அந்தக் கமக்காரரிடம் மகளையும் அழைத்துவரச் சொன்னோம். வந்தார், கெட்டிக்காரப் பெண். நாம் கூறியவற்றைப் பொறுமையாகக் கேட்டபின், “இங்கே படித்தால் உதவுவதற்கு யார் இருக்கிறார்கள், ஐயா?” என்று ஒரே கேள்வி கேட்டார். உறுதி எழுத நாம் மறுக்கவில்லை. ஒரு மாதம் பொறுக்குமாறு வேண்டியிருக்கின்றோம். பன்னிரண்டு பரப்பின் உறுதி எமது மேசையிலே கிடக்கின்றது. அம்மகளின் கேள்விக்குத் தமிழ்ச் சமூகம் ஒரு மாதத்துள் மறுமொழி கூறாவிடின், அந்தத் தாயின் சீதனத்தை அறுதியாக விற்கும் உறுதியை நாமே எழுதவேண்டி வரும்.